குறுக்குப் பிடித்தால்: இடுப்பு வலிக்கான பயிற்சியை எங்கிருந்து தொடங்குவது

என்னிடம் வருகிறவர்கள் ஒரே இடத்தைத் தொட்டுக்காட்டி மூன்று பெயர் சொல்வார்கள். திருநெல்வேலியிலிருந்து வந்து தாராவியில் நிலைத்துவிட்ட குடும்பத்து அம்மாக்களுக்கு அது ‘குறுக்கு’. மாட்டுங்காவிலிருந்து வருகிறவர்களுக்கு ‘இடுப்பு’. மும்பையிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு ‘கமர்’. கடைசி விலா எலும்புக்குக் கீழே, பிட்ட மடிப்புக்கு மேலே உள்ள அந்த ஒரு சாண் இடத்தைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

சயானுக்கும் தாராவிக்கும் நடுவே ஒரு சின்ன அறையில் பிசியோதெரபி செய்துவருகிறேன். வந்து உட்கார்ந்ததும் பெரும்பாலானவர்கள் கேட்பது ஒன்றுதான்: “என்ன எக்சர்சைஸ் செய்யணும், எழுதிக் கொடுத்துடுங்க.” பலர் கையில் ஏற்கெனவே ஒரு தாள் இருக்கும். பக்கத்து வீட்டு மதினிக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளின் ஜெராக்ஸ், இல்லையென்றால் வாட்ஸ்ஆப்பில் வந்த வீடியோ. மதினியின் சர்க்கரை மாத்திரையை யாரும் வாங்கிப் போட்டுக்கொள்வதில்லை. பயிற்சியை மட்டும் எல்லாருக்கும் பொது என்று நினைத்துக்கொள்கிறோம். மருந்தைப் போலவே பயிற்சியும் ஆளுக்கு ஆள் மாறும். அதற்குத் திசை உண்டு, அளவு உண்டு. இரண்டும் பொருந்தினால் கேட்கும். பொருந்தாவிட்டால் அதே பயிற்சி வலியைக் கூட்டிவிடும்.

உள்ளே இருப்பது என்ன

முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் ஐந்து முள்ளெலும்புகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. ரிப்போர்ட்டில் எல்1 தொடங்கி எல்5 வரை எழுதியிருப்பது இவற்றைத்தான். இரண்டு எலும்புகளுக்கு நடுவே ஒரு வட்டு, அதாவது டிஸ்க். வெளியே பாய் முடைந்ததுபோல நார்கள் பின்னிய வளையம். உள்ளே நுங்கு போலக் கொழகொழப்பான நடுப்பகுதி. இந்த அடுக்கின் பின்பக்கமாக நரம்புகள் இறங்கி, இருபுறமும் பிரிந்து கால்களுக்குப் போகின்றன. சுற்றிலும் தசைகள். கோயில் கொடைக்கு நட்ட பந்தல்காலை நாலு பக்கமும் கயிறு கட்டி நிறுத்துவோமே, அந்தக் கயிறுகளின் வேலையைத்தான் வயிறு, முதுகு, பக்கவாட்டுத் தசைகளும் பிட்டத் தசையும் செய்கின்றன.

வளர்ந்தவர்களின் வட்டுக்குள் ரத்தக் குழாய் கிட்டத்தட்டக் கிடையாது. நீரும் சத்தும் பக்கத்து எலும்பிலிருந்து கசிந்துதான் உள்ளே போயாக வேண்டும். பகல் முழுக்க நம் எடை அழுத்துவதால் வட்டிலிருந்து நீர் வெளியேறுகிறது. ராத்திரி படுத்ததும், ஊறப்போட்ட உளுந்து போல அது நீரை இழுத்து உப்புகிறது. காலையில் அளந்து பார்த்தால் நாம் ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் உயரமாகவே இருப்போம். உப்பிய வட்டு விறைப்பாக இருக்கும். அந்த நேரத்தில் இடுப்பை வளைத்துக் குனிந்தால், பகலில் குனிவதைவிட அதிகமான இழுவை அதன்மேல் விழும்.

தாராவிச் சந்துகளில் தண்ணீர் வருவதோ அதிகாலையில். பாயிலிருந்து எழுந்த கையோடு, பாதித் தூக்கத்தில், நாற்பது குடம் குனிந்து நிமிர்கிறார்கள் நம் பெண்கள். “காலைல தண்ணி பிடிக்கையில பிடிச்சது யம்மா, இன்னும் விடலை” என்ற வாக்கியத்தைக் கேட்காத வாரம் எனக்கு இல்லை. 1998-இல் அமெரிக்காவில் ஸ்டோவர் ஸ்னூக் என்ற ஆராய்ச்சியாளரின் குழு, நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்களுக்குக் காலையில் எழுந்த முதல் சில மணி நேரம் குனியாமல் இருக்கச் சொல்லிக்கொடுத்தது. அந்த ஒரு மாற்றத்திலேயே அவர்களின் வலி குறைந்தது. நம்மால் தண்ணீர் நேரத்தை மாற்ற முடியாது. ஆனால் அரைமணி நேரம் முன்னதாக எழுந்து, நின்றபடியும் நடந்தபடியும் செய்கிற வேலைகளை முதலில் முடித்துக்கொள்ளலாம். எழுந்த முதல் மணி நேரத்தில்தான் வட்டு தன் உபரி நீரில் பெரும்பகுதியை விடுகிறது. குழாயடிக்கு வரும்போது அது கொஞ்சம் இளகியிருக்கும்.

எம்ஆர்ஐ தாளைப் பார்த்துப் பயந்தவர்களுக்கு

“டிஸ்க் பல்ஜ்னு போட்டிருக்கு, எல்4-எல்5 தேய்ஞ்சிட்டுன்னு போட்டிருக்கு, இனிமே குனியவே கூடாதாம்.” இப்படிச் சொல்லிக் கண் கலங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். முப்பது வயதுகூட ஆகாதவர்கள் அவர்களில் உண்டு. 2015-இல், முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளைத் திரட்டி ஓர் ஆய்வு வந்தது. இருபது வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கு வட்டுத் தேய்மானம் தெரிந்தது. எண்பது வயதில் அது 96 சதவீதம். வட்டுப் பிதுக்கம் இருபது வயதிலேயே 30 சதவீதம் பேருக்கு இருந்தது. அத்தனை பேரும் வலியில்லாமல் நடமாடிக்கொண்டிருந்தவர்கள். பல மழைக்காலம் கண்ட சுவரில் ஈரக்கறை இருக்கும். கறை இருப்பதாலேயே சுவர் விழப்போகிறது என்று யாரும் வீட்டைக் காலி செய்வதில்லை. ஸ்கேனில் தெரிவதையும் உங்கள் வலி நடந்துகொள்ளும் விதத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் பொருள் வரும். இடுப்பு வலிகளில் பத்தில் ஒன்பது, இன்ன எலும்பு, இன்ன வட்டு என்று விரல் நீட்டிச் சொல்ல முடியாத பொதுவான வலிதான்.

மிச்சம் இருக்கும் அந்த ஒன்றை விட்டுவிடக் கூடாது. சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, கட்டுப்பாடில்லாமல் போனாலோ, மலம் தெரியாமல் வெளியேறினாலோ, தொடை இடுக்கிலும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போனாலோ பயிற்சியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். அந்த நிமிஷமே பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். நரம்புக் கொத்து நசுங்கியிருக்கலாம். அங்கே சில மணி நேரத் தாமதம்கூட நிரந்தரப் பாதிப்பாகிவிடும். பாதம் தூக்க முடியாமல் தரையில் இழுபட்டாலும் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். விழுந்த பிறகு வந்த வலி, முன்பு புற்றுநோய் வந்தவருக்கு வந்த வலி, பல மாதம் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவருக்கு வந்த வலி ஆகியவையும் முதலில் டாக்டரிடம்தான் போக வேண்டும்.

நம் ஊர்க்காரர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது காசநோயைப் பற்றி. அது நுரையீரலோடு நிற்பதில்லை, முதுகெலும்பிலும் உட்காரும். ஆங்கிலேய அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் 1779-இலேயே இதை விவரித்து எழுதியிருக்கிறார். நெருக்கமான அறைகளில் பலர் சேர்ந்து வாழும் இந்த நகரத்தில் அது இன்றைக்கும் வருகிறது. சாயங்காலம் மெல்லிய காய்ச்சல், எடை குறைவு, ராத்திரி வேர்வை, எப்படிப் படுத்தாலும் அடங்காத வலி இவை சேர்ந்து இருந்தால், யார் என்ன பயிற்சி சொன்னாலும் செய்யாதீர்கள். முதலில் பரிசோதனை.

முதல் சில நாட்கள்

திடீரென்று பிடித்துக்கொண்ட வலிக்கு, வீட்டில் எல்லாரும் சொல்வது “அசையாமல் படு”. ஹெல்சின்கி நகராட்சி ஊழியர்களை வைத்து நடந்து 1995-இல் வெளியான ஓர் ஆய்வில், திடீர் வலிக்காரர்களை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினருக்கு இரண்டு நாள் படுக்கை ஓய்வு, ஒரு பிரிவினருக்கு முதுகுப் பயிற்சி, மூன்றாவது பிரிவினருக்கு வலி தாங்குகிற அளவுக்கு வழக்கமான வேலை. சீக்கிரம் தேறியவர்கள் மூன்றாவது பிரிவினர்தான். படுக்கையில் கிடந்தவர்கள் பின்தங்கினார்கள். முதல் இரண்டு மூன்று நாள் கடும் பயிற்சியும் வேண்டாம், முழுநாள் படுக்கையும் வேண்டாம் என்றே நானும் சொல்கிறேன். வலி உச்சத்தில் இருக்கும்போது மல்லாந்து படுத்து, முழங்கால்கள் மடங்கியிருக்கும்படி கால்களை ஒரு நாற்காலியின்மேல் பத்து நிமிடம் வைத்திருங்கள். பிறகு எழுந்து வீட்டுக்குள்ளேயே கொஞ்சம் நடங்கள். எழும்போது நேராக நிமிர வேண்டாம். பக்கவாட்டில் புரண்டு, கையை ஊன்றி எழுங்கள். வெந்நீர் ஒத்தடம், இங்கே எல்லாரும் சொல்லும் ‘சேக்’, இதமாக இருந்தால் கொடுத்துக்கொள்ளலாம்.

உங்கள் முதுகுக்கு எந்தத் திசை பிடிக்கும்?

1956-இல் நியூசிலாந்தின் வெலிங்டன் நகரில் ராபின் மெக்கென்சி என்ற பிசியோதெரபிஸ்ட் தன் கிளினிக்கில் வேலை செய்துகொண்டிருந்தார். முதுகில் தொடங்கிக் காலில் இறங்கும் வலியோடு ஒருவர் மூன்று வாரமாக வந்துகொண்டிருந்தார், முன்னேற்றமே இல்லை. ஒருநாள் அவரை உள்ளே போய்க் குப்புறப் படுக்கச் சொன்னார் மெக்கென்சி. முந்தைய நோயாளிக்காகக் கட்டிலின் ஒரு முனை உயர்த்தி வைக்கப்பட்டிருந்தது. யாரும் அதை இறக்கவில்லை. மனிதர் அப்படியே, முதுகு பின்னால் வில்லாக வளைந்த நிலையில் ஐந்து நிமிடம் கிடந்திருக்கிறார். திரும்பி வந்த மெக்கென்சிக்குத் திடுக்கென்றது. அந்தக் காலத்தில் அப்படி வளைப்பது ஆபத்து என்றே எண்ணம். ஆனால் மூன்று வாரத்தில் இவ்வளவு சுகமாக இருந்ததே இல்லை என்றார் நோயாளி. கால் வலி போயிருந்தது.

அதற்கு முன்பு, 1937-இல் பால் வில்லியம்ஸ் என்ற அமெரிக்க எலும்பு மருத்துவர் நேர் எதிரான பயிற்சிகளை வகுத்திருந்தார்: முழங்காலை நெஞ்சுக்குக் கொண்டுவருவது, வயிற்றைச் சுருக்கி எழுவது என்று எல்லாமே முன்பக்கம் மடக்குபவை. மதினியின் தாளில் ஒன்றும் வீடியோவில் இன்னொன்றும் இருப்பதற்கு இந்த இரண்டு மரபுகளும் ஒரு காரணம். இரண்டும் பொய்யல்ல. சில முதுகுகளுக்குப் பின்னால் வளைவது சுகம், சில முதுகுகளுக்கு முன்னால் மடங்குவது சுகம். சில முதுகுகளுக்குத் திசை ஒரு பொருட்டே இல்லை.

உங்களுடையது எது என்று நீங்களே ஓரளவு கண்டுகொள்ளலாம். உட்கார்ந்தால், குனிந்தால், தும்மினால் வலி கூடி, நின்றால், நடந்தால் குறைகிறதா? தையல் மிஷினில் உட்காரும் அண்ணன்களும் லேப்டாப்பின் முன் நாள் முழுக்க இருக்கும் பிள்ளைகளும் பெரும்பாலும் இந்த வகை. அம்பர்நாத்திலிருந்து லோக்கல் ரயிலில் வரும்போது மூன்று பேர் இருக்கையில் நாலாவது ஆளாக, பாதிப் பிட்டம் வெளியே தொங்க, ஒற்றைக் காலில் எடை தாங்கி ஒரு மணி நேரம் உட்கார்ந்துவருகிறவர்களையும் இதில் சேர்க்கிறேன். இவர்கள் பின்னால் வளையும் திசையில் தொடங்கலாம். இதற்கு மாறாக, நின்றாலும் நடந்தாலும் இரண்டு காலும் கனத்து வலித்து, எங்காவது உட்கார்ந்து முன்னால் சாய்ந்ததும் விடுகிறதா? அறுபது தாண்டியவர்களிடம் இதை அதிகம் பார்க்கிறேன். நரம்பு போகும் வழி குறுகியிருக்கலாம். இவர்களுக்கு முன்னால் மடங்கும் திசை பொருந்தும்.

ஒரு பயிற்சியைப் பத்து முறை செய்ததும் வலி எந்தப் பக்கம் நகர்ந்தது என்று பாருங்கள். பாதத்திலிருந்து கெண்டைக்கால், தொடை, பிட்டம் என்று மேலேறி இடுப்பின் நடுவுக்கு வந்து சேர்ந்தால் அது நல்ல சேதி. இடுப்பின் நடுவில் வலி கொஞ்சம் கூடினாலும் கவலை வேண்டாம். கால் வலி கீழே இறங்கினால், மரப்பு பரவினால், அந்தப் பயிற்சி உங்களுக்கு இப்போது இல்லை. இந்த ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டாலே தவறான பயிற்சியை ஒரு மாதம் செய்து அவதிப்படுவதிலிருந்து தப்பிக்கலாம்.

பயிற்சிகள்

பின்னால் வளையும் திசைக்கு முதல் படி, சும்மா குப்புறப் படுப்பது. தலையணை வேண்டாம், கைகள் உடலோடு ஒட்டி, இரண்டு மூன்று நிமிடம் சீராக மூச்சு விடுங்கள். அது ஒத்துக்கொண்டால் முழங்கைகளை ஊன்றி மார்பை உயர்த்தி ஒன்றிரண்டு நிமிடம். அதுவும் ஒத்துக்கொண்டால் உள்ளங்கைகளை ஊன்றி, கைகளின் பலத்தில் மட்டும் மேலுடலைத் தூக்கி இறக்குங்கள், பத்து முறை. புஜங்காசனம் தெரிந்தவர்களுக்கு உருவம் பழகியதாக இருக்கும். ஆனால் இங்கே முதுகுத் தசையால் எழும்பக் கூடாது. இடுப்பும் பிட்டமும் துணி போலத் தளர்ந்து தரையிலேயே கிடக்க வேண்டும். வலி புதிதாக இருக்கும்போது இதை ஒரு நாளில் நாலைந்து தடவை, சின்னச் சின்னதாகச் செய்வது ஒரே மூச்சில் ஐம்பது செய்வதைவிட நல்லது.

பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் படுத்திருக்கும்போது எங்கே குப்புறப் படுப்பது? நியாயமான கேள்வி. நின்றபடியே செய்யலாம். கால்களைச் சற்று அகட்டி, இரண்டு உள்ளங்கைகளையும் இடுப்பின் பின்பக்கம் வைத்து, அதையே தாங்கலாகக் கொண்டு மெதுவாகப் பின்னால் வளைந்து நிமிருங்கள், பத்து முறை. தண்ணீர் வரிசையில், பிளாட்பாரத்தில், தையல் மிஷினிலிருந்து எழுந்த இடத்தில் எங்கும் முடியும். தலை சுற்றும் என்றால் சுவரோரம் நின்றுகொள்ளுங்கள்.

முன்னால் மடங்கும் திசைக்கு, மல்லாந்து படுத்து ஒரு முழங்காலை இரு கைகளால் நெஞ்சை நோக்கி இழுத்து ஐந்து எண்ணும்வரை வைத்து விடுங்கள். பிறகு மற்றது, பிறகு இரண்டும் சேர்த்து. இடமில்லாதவர்கள் ஸ்டூலில் உட்கார்ந்து, முழங்கால்களை அகட்டி, கைகள் நடுவே தரையைத் தொடும்படி தளர்ந்து குனிந்து எழலாம். எலும்பு அடர்த்தி குறைந்துவிட்டது என்று டாக்டர் சொல்லியிருந்தால் இந்த மடக்குப் பயிற்சிகள் கூடாது. முள்ளெலும்பு நொறுங்கும் அபாயம் உண்டு.

விறைப்புதான் பெரிய தொல்லை என்றால் பூனை-ஒட்டகம். தவழும் நிலையில் இருந்து, முதுகை மேலே கூனாக்கி, பிறகு மெதுவாகக் கீழே பள்ளமாக்குங்கள். ஆறேழு சுற்று போதும். எதையும் இழுத்து நீட்டுவதற்காக இதைச் செய்வதில்லை. பூட்டுக்கு எண்ணெய் விடுவதுபோல மூட்டை இளக்கவே செய்கிறோம்.

வலி தணியத் தொடங்கியதும் கயிறுகளைப் பலப்படுத்தும் வேலை ஆரம்பமாகிறது. பெரும்பாலானவர்கள் இந்தக் கட்டத்துக்கு வருவதே இல்லை என்பது என் பெரிய ஆதங்கம். வலி போனதும் பயிற்சியும் போய்விடுகிறது. முள்ளெலும்பை ஒட்டி மல்டிஃபிடஸ் என்றொரு ஆழமான சிறு தசை இருக்கிறது. முதல்முறை வலி வந்தவர்களுக்கு அந்த இடத்தில் இத்தசை சிறுத்துவிடுவதையும், வலி நின்ற பிறகும் அது தானாகப் பழைய அளவுக்குத் திரும்பாததையும் 1990-களில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் படமெடுத்துக் காட்டினார்கள். குறிப்பிட்ட பயிற்சி செய்தவர்களுக்கு அது திரும்பியது.

பாலம்: மல்லாந்து, முழங்கால்களை மடக்கிப் பாதங்களை ஊன்றி, பிட்டத்தை இறுக்கி இடுப்பைத் தூக்குங்கள். ஐந்து எண்ணி இறக்குங்கள், பத்து முறை. தொடையின் பின்பக்கம் தசை பிடித்துக்கொண்டால் குதிகால்களைப் பிட்டத்துக்கு அருகில் கொண்டுவாருங்கள். வேலை செய்ய வேண்டியது பிட்டத் தசை. முதுகு வில்லாக வளையும் அளவுக்குத் தூக்க வேண்டாம்.

எதிர்க்கை, எதிர்க்கால்: தவழும் நிலையில் வலது கையை முன்னும் இடது காலைப் பின்னும் நீட்டி எட்டு முதல் பத்து நொடி, பிறகு மாற்றி. இடுப்பின்மேல் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள், சிந்தக் கூடாது. காலை உயரத் தூக்குவதில் ஒன்றுமில்லை. இடுப்பு ஆடாமல் இருப்பதுதான் பயிற்சி. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பின் இயக்கவியலை நெடுங்காலம் ஆராய்ந்த ஸ்டூவர்ட் மெக்கில் பரிந்துரைக்கும் மூன்று பயிற்சிகளில் இதுவும் ஒன்று. பக்கவாட்டில் படுத்து முழங்கையை ஊன்றி இடுப்பைத் தூக்கும் பக்கப் பாலம் இன்னொன்று. தொடக்கத்தில் முழங்காலை மடக்கிச் செய்யுங்கள். அதுவும் கடினமென்றால் நின்றபடி சுவரில் முழங்கையை ஊன்றிச் சாய்ந்து செய்யலாம். அவர் சொல்லும் முறையில் ஒவ்வொரு பிடிப்பும் பத்து நொடியைத் தாண்டாது. முதலில் ஆறு முறை, இளைப்பாறி நாலு, பிறகு இரண்டு என்று இறங்கும். களைத்த தசையோடு முக்கிக்கொண்டு செய்யும் கடைசி நாலைந்தில்தான் பிசகு நடக்கிறது. எண்ணிக்கையை வாய்விட்டுச் சொன்னால் மூச்சைப் பிடித்துக்கொள்ளும் பழக்கம் தானாக விட்டுப்போகும்.

கால் விரலைத் தொடும் குனிதல், வேகமாக எழுந்து உட்காரும் வயிற்றுப் பயிற்சி, ஜிம்மில் எடை தூக்கல், சூரிய நமஸ்காரம் இவற்றையெல்லாம் வலி புதிதாக இருக்கும் வாரங்களில் ஒத்திவையுங்கள். என்றைக்குமே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். இளைஞர்கள் பலரை மெல்ல மெல்ல ஜிம்முக்கே திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

குடம் தூக்குவதும் ஒரு பயிற்சிதான்

காலையில் இருபது நிமிடம் பயிற்சி, மிச்ச நாள் முழுக்க வளைந்த முதுகில் பாரம் தூக்குவது என்றால் கணக்கு நேராகாது. வீட்டில் துடைப்பக் கம்பு ஒன்று இருக்கும். அதை முதுகின் நீளத்துக்கு வைத்துப் பிடியுங்கள்: பின்னந்தலை, தோள்பட்டைகளுக்கு நடு, வால் எலும்பு மூன்றிலும் பட வேண்டும். இப்போது முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, பிட்டத்தைப் பின்னால் தள்ளிக் குனியுங்கள். கம்பு மூன்று இடத்தையும் விட்டு விலகாமல் இருந்தால், நீங்கள் மடங்குவது தொடை மூட்டில். கதவு கீலில் திரும்புவதுபோல உடம்பு அங்கேதான் மடங்க வேண்டும். ஏதாவது ஓரிடத்தில் விலகினால், இடுப்பு வளைகிறது என்று அர்த்தம். தினமும் பத்து முறை பழகினால் இரண்டு வாரத்தில் உடம்பு கற்றுக்கொள்ளும்.

குடத்தை எடுக்கும்போதும் இதே மடக்கு. குடம் உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும். கை நீட்டித் தூக்கினால் அதே எடை முதுகுக்குப் பல மடங்கு கனக்கும். தூக்கிய பிறகு இடுப்பைத் திருகாமல் பாதங்களை நகர்த்தித் திரும்புங்கள். இருபது லிட்டர் கேன் என்றால் இருபது கிலோ. ஒரு கையில் ஒரு முழு கேனைவிட இரண்டு கையிலும் பாதிப் பாதி மேல். இடுப்பில் குடம் வைக்கும் பழக்கமுள்ளவர்கள் ஒவ்வொரு நடைக்கும் பக்கத்தை மாற்றுங்கள். மோரியில், அதாவது வீட்டுக்குள் கழுவும் மூலையில், உட்கார்ந்து துணி துவைப்பவர்களும் பாத்திரம் தேய்ப்பவர்களும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து, நான் மேலே சொன்ன நின்றபடி வளைவதை ஐந்து முறை செய்தால் போதும்.

எவ்வளவு, எத்தனை நாள்

வலிக்கு பத்து மார்க் என்று வைத்துக்கொண்டால், பயிற்சியின்போது மூன்று மார்க்வரை கூடுவது பரவாயில்லை. மறுநாள் காலையில் வலி பழைய அளவுக்கு வந்திருந்தால் அளவு சரி. வராவிட்டால் பயிற்சியை விட்டுவிடாமல் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். ஐந்தில் தொடங்கி, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஒன்றிரண்டு கூட்டிக்கொண்டே போகலாம். திசைப் பயிற்சிகளின் பலன் சில நாட்களிலேயே தெரியும். தசை பலப்பட ஆறு முதல் பன்னிரண்டு வாரம் பிடிக்கும். அதற்குக் குறுக்குவழி இல்லை.

பெல்ட்டும் கரண்ட் வைப்பதும், மெஷினால் இடுப்பை இழுத்துவைக்கும் டிராக்‌ஷனும் பற்றிக் கேட்காதவர்கள் குறைவு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020-இல் உலகில் 61.9 கோடிப் பேருக்குக் கீழ்முதுகு வலி. அந்த நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட வலிக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. பயிற்சியும், வலியைப் பற்றிய விளக்கமும் அதில் பரிந்துரைக்கப்பட்டவை. இடுப்பு பெல்ட்டும் டிராக்‌ஷனும் வழக்கமாகத் தர வேண்டாத சிகிச்சைகளின் பட்டியலில் இருக்கின்றன. பெல்ட் கட்டினால் இதமாக இருப்பது உண்மை. நீண்ட பயணத்துக்கு ஒருநாள் கட்டிக்கொள்கிறவர்களை நான் தடுப்பதில்லை. கூலி வேலைக்காரர் ஒருவர் நாள் சம்பளத்தைத் தொலைத்துவிட்டு, மெஷினின் கீழே பதினைந்து நாள் படுத்து, பயிற்சி ஒன்றுகூடக் கற்காமல் வீடு திரும்புவதைத்தான் என்னால் ஏற்க முடிவதில்லை. சிகிச்சை தருபவரிடம் உரிமையோடு கேளுங்கள்: “நான் வீட்டில் செய்ய வேண்டியது என்ன? என்னைச் செய்யவைத்துப் பாருங்கள்.”

பணம் தடையாக இருந்தால் சயான் ஆஸ்பத்திரியிலும் பரேலில் உள்ள கேஇஎம்மிலும் பிசியோதெரபிப் பிரிவு உண்டு. நாட்டிலேயே முதல் பிசியோதெரபிப் பள்ளி 1950-களின் தொடக்கத்தில் கேஇஎம்மில்தான் உருவானது. ஹாஜி அலியில் மத்திய அரசின் மறுவாழ்வு மருத்துவ நிறுவனமும் இருக்கிறது.

வலி போன பிறகு செய்ய வேண்டியதில் மிக மலிவானது நடை. 2024-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வொன்றில், இடுப்பு வலியிலிருந்து அண்மையில் தேறிய 701 பேரில் ஒரு பகுதியினருக்குப் பிசியோதெரபிஸ்டின் வழிகாட்டலோடு படிப்படியான நடைப் பயிற்சி கொடுத்தார்கள். ஆறு மாதத்துக்குள் வாரத்தில் ஐந்து நாள், அரைமணி நேரம் என்பது இலக்கு. அவர்களுக்கு வலி திரும்பிவர நடுமதிப்பாக 208 நாள் ஆனது; மற்றவர்களுக்கு 112 நாள். மாட்டுங்காவில் இருப்பவர்களுக்கு ஃபைவ் கார்டன்ஸ் இருக்கிறது, தாதரில் சிவாஜி பார்க் இருக்கிறது. தாராவியில் இருப்பவர்கள் வேலைக்குப் போகும்போது ஒரு நிறுத்தம் முன்னதாகப் பஸ்ஸை விட்டு இறங்கலாம்.

அந்தக் கணக்கில் இன்னொன்றும் தெரிகிறது. நடந்தவர்களிலும் பலருக்கு வலி திரும்பத்தான் செய்தது. உங்களுக்கும் ஒருநாள் திரும்பலாம். அப்போது புது ஸ்கேனுக்கு ஓட வேண்டாம். மேலே சொன்ன அபாய அறிகுறிகள் இருக்கின்றனவா என்று மட்டும் முதலில் பாருங்கள். இல்லையென்றால் போன முறை வலியை மேலேற்றிய அதே திசைப் பயிற்சிக்குத் திரும்புங்கள், எண்ணிக்கை ஐந்திலிருந்து. பாலத்தையும் எதிர்க்கை எதிர்க்காலையும் ஒரு வாரம் நிறுத்திவைத்துவிட்டு, நடையை மட்டும் குறைத்த அளவில் விடாமல் வைத்திருங்கள். இரண்டு வாரத்தில் இறங்கவில்லையென்றால் வாருங்கள், புதிதாகச் சோதித்துப் பார்ப்போம்.